அமராவதியில் கிளம்பாத மோட்டார்

அன்று நான் உன்னிடம் சொல்லாதது இதுதான்: சிவப்புச் சுருள் கயிறு உன் கைக்குள் இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

நம் ஆய்வுக்கூடத்துக்கு இன்று புதுப் படகு மோட்டார் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் பிளாஸ்டிக் வாசனையோடு அதே மாதிரி ஒரு சுருள் கையில் வந்தது. அதன் நுனியில் உள்ள கிளிப்பை மோட்டாரில் மாட்டினால்தான் இன்ஜின் பிடிக்கும். கழற்றிவிட்டால் எத்தனை முறை ஸ்டார்ட்டரை இழுத்தாலும் கிளம்பாது. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டார் தானாக நிற்பதற்கான ஏற்பாடு. இதை எனக்கு முதலில் சொன்னதே நீதான்.

அமராவதி அணையில் சோதனைக்காகத் தண்ணீர் மாதிரிகள் எடுக்க நாம் இருவர் மட்டும் போயிருந்தோம். அன்று மதியம் உடுமலை பத்திர ஆபீஸில் உனக்கு டோக்கன். அப்பாவின் தென்னந்தோப்பில் உன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணுக்கு நகை, பையனுக்கு நிலம் என்பது உங்கள் வீட்டில் மட்டுமா, எங்கள் வீட்டிலும்தான். "போடறேன்னு சொல்லிட்டேன், போட்டுருவேன்" என்று பஸ்ஸில் சாதாரணமாகச் சொன்னாய்.

நடு அணையில் மோட்டாரை நிறுத்திவிட்டு வேலையை முடித்தோம். கடைசி பாட்டிலை மூடியதும் நீ ஸ்டார்ட்டரை இழுத்தாய். கிளம்பவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. நீ என்ன செய்யப்போகிறாய் என்று பார்க்கத்தான் தோன்றியது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய், இருந்தது. டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்தே இருந்தது. குழாயின் நடுவிலுள்ள ரப்பர் உருண்டையை அழுத்தினேன், கெட்டியாக இருந்தது. பிளக்கைக் கழற்றி இன்ஜினில் தொட வைத்து நான் பிடித்துக்கொள்ள, நீ இழுத்தாய். எல்லாவற்றையும் வலது கையாலேயே செய்தாய்.

"பொறி வரலை புள்ள" என்றாய்.

உண்மைதான். அன்று நீ ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அண்ணன் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டாய்.

"பாப்பா, எங்க இருக்கற? அடுத்தது நம்ம டோக்கனாமா."

"மோட்டார் கிளம்பலைங்கண்ணா. நடு அணைல நிக்கறோமுங்க."

"கெணத்து மோட்டாரையே அடக்குனவ நீ, இது கிளம்பலையா? காத்துப் புடிச்சிருக்கும். கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாரு."

"அண்ணா, இது தண்ணிக்குள்ளயேதானுங்க இருக்குது!"

மூவருமே சிரித்தோம். பிறகு அவர் குரல் மாறியது. "முதலை கெடக்கற தண்ணி. ரண்டு பேரும் கைய வெளிய போடாதீங்க. கையெழுத்து கெடக்குது, நான் வாரேன்."

பத்திர ஆபீஸுக்கென்று உடுத்திய வெள்ளை வேட்டியோடு, மீன்காரர் ஒருவரின் பரிசலில் குந்தி உட்கார்ந்து வந்தார். நம் படகில் ஏறித் தானே இழுத்துப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். கடைசியில் மூடியிருந்த உன் இடது கையைப் பார்த்தார்.

"கை நோவுதா பாப்பா?"

"இல்லைங்கண்ணா."

பிறகு நமக்கு முதுகைக் காட்டி, மலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நீயே ஒருக்கா இழு. நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன்."

கிளிப் மாட்டுகிற சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரே இழுப்பில் இன்ஜின் பிடித்தது.

"காத்துத்தான்" என்றார், திரும்பாமல்.

காலையிலேயே தீர்மானித்து வந்தாயா, நடுத்தண்ணீரில்தான் தோன்றியதா? உனக்குத் தோப்பு வேண்டியிருந்ததா, இல்லை, உன்னிடம் ஒருமுறை கேட்டிருந்தால் போதுமா? அவருக்குத்தான் எவ்வளவு தெரிந்தது? உன்னைக் கொண்டுபோன அந்த நோய் தெரியவருவதற்கு முன்பு நாம் எத்தனையோ முறை அதே படகில் போனோம். கேட்டிருக்கலாம். நீயாகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். இப்போதும் எங்காவது ஒரு வண்டி கிளம்பாமல் நின்றால், ஓட்டுபவரின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அன்று நாம் உடுமலை போய்ச் சேர்ந்தபோது பத்திர ஆபீஸ் மூடியிருந்தது. அண்ணன் மறுபடி டோக்கன் வாங்கவில்லை. தோப்பில் உன் பங்கு கடைசிவரை உன் பேரிலேயே இருந்தது.