நடுக்குருத்து

ஜார்ஜ்டவுன்
4 மார்ச் 1999

அன்புள்ள ரூஃபினாவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். நீ ஊர்த்தலைவி ஆன செய்தியைப் படகுக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கட்டின புருஷனுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா?

இத்துடன் ஒரு படம். நம் சவன்னாப் புல்வெளி ஊருக்கு, நான் வேலை செய்யும் தங்கச் சுரங்கக் கம்பெனி வரைந்து தரும் சின்னம். எறும்புண்ணி, இட்டே பனை, பின்னால் மலை, அடியில் தங்கம் அரிக்கும் தட்டு. ஊர்க்கூட்டம் இதை ஏற்று, ஓடை பிறக்கும் இடத்தில் தோண்டவும் சம்மதித்துவிட்டால், எனக்கு அங்கேயே மேற்பார்வை வேலை. வீட்டோடு வந்துவிடுவேன். பிரிந்திருந்தது போதும், ரூஃபி. கூட்டத்தைத் திருப்ப உனக்கா தெரியாது?

உன் யூஸ்டஸ்


வாரமுரி
19 மார்ச்

அன்புள்ள யூஸ்டஸ்,

மரவள்ளி மாவு ஒரு பை அனுப்பியிருக்கிறேன். கடைச்சோறு தின்று இளைத்திருப்பாய்.

படத்தைக் கூட்டத்தில் விரித்தேன். எறும்புண்ணி நகத்தை நீட்டிக்கொண்டு நடக்கிறது. மடக்கி நடக்கும் பிராணியை இப்படி வரைந்தால் சிரிக்க மாட்டார்களா? பனையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நடுக்குருத்தைக் காணோம். கூரைக்கு ஓலை வெட்டும்போது நாம் தொடாமல் விடுவது அதைத்தான். அது போனால் மரமே போச்சு. உன் அக்கா டெல்ஃபினா எழுந்தாள்.

"குருத்து போன மரத்தக் காட்டி சம்மதம் கேக்குறான் என் தம்பி. நடக்கப் போறத மறைக்காம சொல்லிட்டான், பாவம்."

ஓடை பிறக்கும் இடத்தில் தோண்டினால் பனை நிற்கும் சதுப்பு வற்றும், இட்டே நிற்காது. வேண்டாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், நீ வரும் வழி அடைபடும் என்று தெரிந்தே. வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனாலும் செய்தது சரிதான்.

ஒன்று மட்டும் சொல். படத்தை நீ பார்க்காமலா அனுப்பினாய்?

ரூஃபினா


ஜார்ஜ்டவுன்
2 ஏப்ரல்

ரூஃபி,

பார்த்துத்தான் அனுப்பினேன். அழகாக இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். குருத்து இல்லாதது கண்ணில் படவே இல்லை. நம் வீட்டுக் கூரைக்கு ஓலை வெட்டியவன் நான். வெட்கமாக இருக்கிறது.

கம்பெனியில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கச் சொல்கிறார்கள். போகட்டுமா?

யூஸ்டஸ்


வாரமுரி
15 ஏப்ரல்

அன்புள்ள யூஸ்டஸ்,

போவதும் வருவதும் உன் இஷ்டம். என்னைக் கேட்டு முடிவு செய்யாதே.

இங்கே கூரை ஒழுகுகிறது. மழைக்கு முன் ஓலை மாற்ற வேண்டும். டெல்ஃபினாவின் புருஷன் வெட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உன் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். மேற்பார்வை வேலை இல்லை. மரம் ஏறும் வேலைதான்.

வந்தால் முதலில் மரத்தடியில் நின்று நடுக்குருத்து எது என்று எனக்குக் காட்டு. அதற்குப் பிறகுதான் கத்தியைத் தருவேன்.

உன் ரூஃபினா