மகனுக்காக ஒரு பொன்னாடை

3ந் திகதி, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் முழங்கால் தண்ணீர். ஹாட்வெயார் கடைக்கு லீவு சொன்னேன்.

மகன் டெனிஸ் வேலை செய்யும் கப்பல் இன்னும் அதே இடத்தில். கப்பல் முதலாளி அதை ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே விட்டுவிட்டுத் தலைமறைவாகி ஐந்து மாதம். கரையில் இறங்க விடுகிறார்களில்லை. சாப்பாடு சோறும் பருப்பும். அவன்தான் கப்பல் சமையற்காரன், அதையும் அவனே அவிக்க வேண்டும்.

அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியாயிற்று. கடிதங்களுக்குப் பதில் இல்லை.

"பேப்பரில வந்தால்தான் அசைவாங்கள்." றீற்றா. என் மனைவி சொன்னால் அது அமைச்சரவை முடிவு.

4, புதன்

வெள்ளவத்தை. பப்ளிசிட்டி மோகன். அரங்கேற்றம், நகைக்கடைத் திறப்பு, எதையும் பேப்பரில் வர வைப்பவர்.

"பத்திரிகையாளர் சந்திப்பு வைப்பம் அண்ணை. ஹோல், மேடை, மைக் எல்லாம் என்ர பொறுப்பு. நீங்கள் அழுதால் மட்டும் காணும்."

"எனக்கு அழுகை வராது தம்பி."

"அக்கா?"

"அவளுக்குக் கோபம்தான் வரும்."

செய்ய வேண்டியவை: டெனிஸின் படம் பெரிதாக்க. வெள்ளைச் சேர்ட் அயர்ன் பண்ண. அழ.

6, வெள்ளி

சந்திப்பு முடிந்தது. மோகனுக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான்: மங்கள விளக்கு, வரவேற்புரை, பிரதம விருந்தினர். விருந்தினராக ஒரு டொக்டர். நான் கப்பலைப் பற்றிக் கதைக்கும்போது மைக் கரகரப்பு.

டீவிக்காரர்: "ஐயா, கொஞ்சம் அழுங்கோவன்."

முயன்றேன். தும்மல் வந்தது.

கடைசியில் டொக்டர் எழுந்து, மேடைப் பழக்கத்தில், எனக்கே ஒரு பொன்னாடை போர்த்தினார். கமரா மின்னியது. காலமெல்லாம் கடைக் கவுண்டரில் நின்றவன் நான். யார் முகத்தைப் பார்த்தாலும் சிரிப்பேன். சிரித்தேன்.

8, ஞாயிறு

வெயில். பேப்பரில் வந்துவிட்டது. தலைப்பு: "என் மகனை மீட்டுத் தாருங்கள்: தந்தை உருக்கம்". கீழே நான், பொன்னாடையோடு, பல்லெல்லாம் தெரிய.

சேர்ச்சில் பூசை முடிய ஆட்கள் கை குலுக்கினார்கள். "கொங்கிராட்ஸ் அங்கிள், என்ன விருது?"

பேஸ்புக்கிலும் ஓடுகிறதாம். "மகன் தொலைஞ்ச சந்தோசமோ?" என்று ஒருவன். அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள்.

"அப்பிடிச் சிரிக்க என்ன கிடந்தது உங்களுக்கு?" றீற்றா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வெட்கம்கூட வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டேன். என்ன கறி என்று நினைவில்லை.

10, செவ்வாய்

வெளிநாட்டு அமைச்சிலிருந்து போன். சிங்களத்தில். "பேஸ்புக்கில சிரிச்ச அப்பா நீங்கள்தானே?" நான்தான் என்றேன். மகனின் பாஸ்போர்ட் கொப்பியோடு உடனே வரட்டாம். போனதும் கப்பல் விபரம் முழுக்க எழுதி எடுத்தார்கள். அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்தோடு இன்றே கதைப்பார்களாம். பார்ப்போம்.

திரும்பும் பஸ்ஸில் டெனிஸின் குரல், போனில் பதிந்து அனுப்பியிருக்கிறான். கப்பலில் சிக்னல் வருவது எப்போதாவதுதான்.

"அப்பா, பேப்பரில வந்த உங்கட படம் பாத்தம். கப்பலில எல்லாரும் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. அது உங்கட கவுண்டர்ச் சிரிப்பெண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒழுங்காச் சாப்பிடுங்கோ அப்பா. உங்கட கன்னம் ஒட்டிப்போச்சு."

திரும்பவும் கேட்டேன். அழுகை வந்தது. நிற்கவில்லை. பக்கத்து சீட் மனுசி கண் துடைக்கத் தன் லேஞ்சியை நீட்டினாள்.

அழுததை மோகனுக்குச் சொல்லக் கூடாது. இன்னொரு ஹோல் பிடிப்பார்.