பியூரிட்டன்களும் அவசர பெர்த்தும்

திங்கள், 5 ஜூலை 1971

மழை. ஐந்தாவது நாள். ஆபீசுக்கு நேற்றைய ஈரக் கால்சட்டையே.

மாலை வாசகசாலையில் தமிழ் மன்றச் செயலாளர் (இனி செ.) பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை நான் பேச வேண்டுமாம். தலைப்பு: ‘அமெரிக்காவை உயர்த்திய ஒழுக்கசீலர்கள்: பியூரிட்டன்கள்’. நன்கொடையாக வந்த அமெரிக்கப் புத்தகப் பெட்டியைத் திறந்து படித்த ஒரே பைத்தியம் நான். பெருமை தாங்காமல் வழியெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அன்னம் (மனைவி, போர்ட் பிளேரின் இரண்டாவது வானொலி நிலையம்) காற்றைப் பிடுங்கிவிட்டாள்.

“உங்க பேச்சு முடிஞ்சதும் சுலோசனா டீச்சர நீக்கற தீர்மானமாம். நீங்க முன்னால வாசிக்கற நாகஸ்வரம், அவ்வளவுதான்.”

சு. டீச்சர் மன்றத்தில் மாலைத் தமிழ் வகுப்பு எடுப்பவர். வயது முப்பத்தாறு. கணவன் விட்டுப்போய் ஒன்பது வருடம். மரைன் ஹில்லில் செ. வீட்டின் பின்னறையில் குடியிருப்பு. குற்றம்: வனத்துறை தாஸ் பாபுவோடு கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றது. இரண்டு முறை. வகுப்பு போனால் வீடும் போகும். அப்புறம் கப்பல், தஞ்சாவூரில் அண்ணன் வீட்டு அடுப்படி.

ஒரு காலத்தில் தப்பு செய்தவர்களை அங்கிருந்து இங்கே கப்பலேற்றினார்கள். நாம் முன்னேறிவிட்டோம். இங்கிருந்து அங்கே ஏற்றுகிறோம்.

புதன், 7

படித்தவை:

வேதமே சட்டமென்று முந்நூற்று நாற்பது வருடம் முன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். (நாமும்.)

மலை உச்சியில் இருக்கிறோம், உலகமே நம்மைப் பார்க்கிறது என்ற நினைப்பு. (மரைன் ஹில்.)

நாடகம் கூடாது. கிறிஸ்துமஸ்கூடக் கூடாது. உழைப்பே வழிபாடு. சோம்பல் பாவம். நான் அங்கே பிறந்திருந்தால் முதல் வாரமே இரண்டு கால்களையும் மரக்கட்டையில் மாட்டிச் சந்தையில் உட்காரவைத்திருப்பார்கள்.

எழுத்தில் ஜிகினா இல்லை. பிரசங்கம், நாட்குறிப்பு, இரண்டும்தான் இலக்கியம். நாட்குறிப்பில் தன் பாவத்தைத் தானே துருவுவார்கள். (என்னுடையதில் பிறர் பாவம் மட்டும். திருந்த வேண்டும். அவசரமில்லை.)

வேதம் வாசிக்க வேண்டுமே என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கு ஒரு கும்பிடு.

ஒத்துப்போகாதவர்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். பெண்ணென்றால் கூடுதல் சுறுசுறுப்பு.

அப்புறம் பேரன்மார் எழுத்தாளர்கள் ஆனார்கள். தாத்தா நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து பெண்களைச் சூனியக்காரிகளென்று தூக்கிலிட்டதை நினைத்து வெட்கப்பட்டு எழுதினார்கள். ஒளித்துவைத்த பாவம், உற்றுப்பார்க்கும் ஊர். அந்நாட்டு இலக்கியத்தில் பாதி இதுதான். தாத்தா போய் இத்தனை காலமாகியும் ஜன்னல் திரை அசைந்துகொண்டே இருக்கிறது.

ஒரு விஷயம் தூங்கவிடவில்லை. சபையில் முழு உறுப்பினராக வேண்டுமென்றால் முதலில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தன் உள்ளத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அடுத்தவரை விசாரிப்பது அப்புறம்தான்.

இதைச் சொல்லலாமா? செ. என் ஆபீஸ் சூப்பரிண்டெண்டுக்குச் சம்பந்தி. வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாமா?

வியாழன், 8

மீன் மார்க்கெட்டில் சு. டீச்சர். அசடு வழிய நின்றேன்.

“டீச்சர், நான் வேணும்னா சனிக்கிழமை பேசாம இருந்துடறேன்.”

“பேசுங்க சார். நானும் வரேன். ஒழுக்கமா நாலு வார்த்தை கேட்டு நாளாச்சு.” காலா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். “செவ்வாய்க்கிழமைக் கப்பல்ல எனக்கு பெர்த்கூடப் போட்டாச்சாம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.”

எப்படிக் கிடைத்தது? இந்தக் கப்பலில் இடமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மெயின்லேண்டில் நெருங்கிய உறவு செத்தால் மட்டும் அவசர பெர்த். செத்ததற்கு மன்றத்தின் கடிதம் போதும், கையெழுத்து செ. அந்தக் கடிதங்களில் செத்த பலர் ஊரில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

சனி, 10

கூட்டம் நிரம்பி வழிந்தது. பியூரிட்டன் மேல் இத்தனை ஆர்வம் அமெரிக்காவிலேயே இருக்காது. படித்ததையெல்லாம் சொன்னேன். செ. தலையாட்டிக்கொண்டிருந்தார், ‘துரத்தினார்கள்’ வந்தபோது கொஞ்சம் அதிகமாக. பிறகு அந்த வழக்கத்தைச் சொன்னேன்.

“தீர்மானம் வருதுன்னு கேள்வி. அவங்க முறைப்படியே செய்வோம். முதல்ல நம்ம பாவம். நானே தொடங்கறேன். அவசர பெர்த்துக்காக என் மாமியாரை ரெண்டு தடவை சாகடிச்சேன். ரெண்டாவது தடவை அழுதேன்கூட. கிளார்க் டீ வாங்கிக் கொடுத்துத் தேத்தினார்.”

பெண்கள் வரிசையில் அன்னத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து துணிக்கடை காதர் பாய் எழுந்தார். “எங்க மாமனாரும் ரெண்டு தடவ மவுத்தாயிட்டாக. போன மாசம்தான் மூணாவது நிக்காஹ் பண்ணியிருக்காக.”

கூரை பிளக்கச் சிரிப்பு. பாதிப் பேர் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் செத்தவர்கள் இருந்தார்கள். எதற்குச் சிரிப்பென்று தாஸ் பாபு பக்கத்து ஆளிடம் இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

செ. எழுந்தார். “அது வேற, இது வேற. அது அவசரத்துக்கு. இது நம்ம சமூகத்தோட மானம்.”

அப்போது டீச்சர் எழுந்தார். குரல் உயரவில்லை.

“எங்கம்மா செத்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் செக்ரட்டரி சார் அவங்கள மறுபடி சாகடிச்சு எனக்கு பெர்த் வாங்கியிருக்கார். நேத்து கப்பல் ஆபீஸ்ல லெட்டரப் பாத்துட்டு வந்தேன். நான் வேர்க்கடலை தின்னது நிஜம். இன்னமும் தின்பேன். திங்கக்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போல கிளாஸ்.”

தீர்மானத்தை யாரும் முன்மொழியவில்லை. செ. விசிறியால் விசிறிக்கொண்டார், மழைக் குளிரில்.

ஞாயிறு, 11

அன்னம் சோற்றைத் தட்டில் வைக்கும் சத்தத்தில் மட்டும் பேசினாள்.

மன்றச் சாவி செ. மடியில். செவ்வாய்க்குள் வீட்டைக் காலி செய்யும்படி டீச்சருக்கு உத்தரவு. தீர்மானம் தோற்றாலும் கதவு அவருடையது. மரைன் ஹில்லில் வேறு யாரும் இடம் தரத் தயாராயில்லை. பலருக்கு அடுத்த கடிதம் செ.விடம் வேண்டியிருக்கிறது.

ஆக என் வீரம் ஒருநாள் கூத்து. சிரிக்கவைத்துவிட்டு டீச்சரைத் தெருவில் நிறுத்திவிட்டேன்.

திங்கள், 12

வகுப்பு, காதர் பாய் கடையின் கிடங்கில். ஏழு பிள்ளைகள். வழக்கமாக இருபது. துணி மூட்டைமேல் உட்கார்ந்து ‘ழ’ சொன்னார்கள்.

அன்னம் வாய் திறந்தாள்.

“எங்கம்மாவ ரெண்டு தடவ கொன்னீங்க. அத அப்புறம் வச்சிக்கறேன். அந்தாளு செத்தவள மறுபடி கொன்னு அவ மகள ஊரவிட்டு ஏத்தப் பாக்கறாரு. நம்ம பின்னறையில கிடக்கற உங்க குப்பையெல்லாம் எடுங்க.”

எடுத்தேன்.

செவ்வாய், 13

மாலை ஐந்து மணி. தூறல். செ. வீட்டுக்குப் போனோம். அன்னம் குடையோடு முன்னால். டீச்சர் பானை சட்டிகளோடு. டிரங்குப் பெட்டியின் ஒரு காது என் கையில், மறு காது தாஸ் பாபு கையில்.

“தாதா, தீரே, தீரே” என்றார் அவர். மெதுவாகப் போக எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மூச்சு வாங்கியது.

செ. வாசலில் கைகூப்பி நின்றார். ஊரைக் கழுவித் துடைத்த திருப்தி முகத்தில். பெருந்தன்மையாகப் பின்னாலேயே இறக்கம் வரை வழியனுப்ப வந்தார்.

இறக்கத்தில் ரோடு பிரிகிறது. நேரே கப்பல் நிற்கும் ஜெட்டி. வலதுபக்கம் எங்கள் வீடு. கப்பல் முதல் சங்கு ஊதியது.

அன்னம் வலதுபக்கம் திரும்பினாள்.

“சார், ஜெட்டி இந்தப் பக்கம்” என்றார் செ.

“தெரியும்ண்ணே” என்றாள் அன்னம், நிற்காமல். பிறகு எங்களிடம்: “பெட்டிய இடிக்காம தூக்கிட்டு வாங்க. அவளுக்குக் கிளாசுக்கு நேரமாகுது.”