மூன்றாவது போன்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

நேற்று இங்கே நான் தங்கியிருக்கும் வீட்டில் புது ரவுட்டர் பொருத்தினேன். இனி எனக்கும் அறைத்தோழி நர்ஸுக்கும் ஒரே இணைப்பு. எனக்கு முன் இங்கே தங்கியிருந்து இறந்துபோன டெய்லரக்கா வைத்த பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே சோம்பலில் இதற்கும் வைத்துவிட்டேன். ரவுட்டரின் பட்டியலில் எங்கள் போன்களோடு மூன்றாவதாக, ‘டெய்லரக்கா போன்’ தானாக இணைந்துகொண்டது. அந்த போனை அக்காவின் உடலோடு அப்போதே ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம்.

“அக்கா எப்பவும் கதவத் தட்டாமத்தான் வருவாங்க,” என்று நர்ஸ் சிரித்தாள். ஆனால் விளக்கை அணைக்க விடவில்லை.

கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது; மனம் வரவில்லை.

பயப்படாதீர்கள். முடிந்தால் நம் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். நான் படுப்பது அந்த அக்காவின் கட்டில்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்களவள்