லாமாரின் மஞ்சள் கண்

மார்ச் 3
மஞ்சள்கிழங்கு மாத்திரை தொடங்கி ஆறு வாரம். என் கணவர் லாமார் இன்று கைத்தடி இல்லாமல் வாசலில் பனி தள்ளினார். முழங்காலில் கத்தி வைக்கணும் என்ற டாக்டர் வந்து பார்க்கட்டும். டப்பாவில் தினம் ஒன்று என்று போட்டிருக்கிறது. ஆண்டவர் முளைக்க வைத்ததற்கு என்ன அளவு? நாளையிலிருந்து காலை இரண்டு, மாலை இரண்டு.

மார்ச் 29
சாப்பாடு வேண்டாம் என்கிறார். உடம்பெல்லாம் அரிப்பு. கண் மஞ்சளித்திருக்கிறது.

மார்ச் 31
கல்லீரல் கெட்டிருக்கிறதாம். டாக்டரின் முதல் கேள்வி: "தினம் எவ்வளவு குடிப்பீங்க?" எங்கள் சபையில் காபிகூடத் தொடமாட்டோம். "குழாய்த் தண்ணிதான் டாக்டர்" என்றார் லாமார். டாக்டர் சிரிக்கவில்லை. வேறு மருந்து உண்டா என்றார். இல்லை என்று நான்தான் சொன்னேன். மஞ்சள் மருந்தா என்ன?

டாக்டர் சும்மா கேட்பாரா?

ஏப்ரல் 6
கேட்டுவிட்டேன். "முப்பத்தொரு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். எங்கே ஒளிச்சு வெச்சுக் குடிப்பேன்?" என்றார். குடிக்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். கார் டிக்கியைத் துழாவினேன். ஒன்றுமில்லை. கெட்டிக்காரர்.

பிஷப்பிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆத்துமாவுக்காகத்தான். கல்லீரல் சுத்தமாக, மாத்திரை இனி வேளைக்கு மூன்று.

ஏப்ரல் 10
பிஷப் லாமாரின் ஆலய அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டார். அது இல்லாமல் மகளின் கல்யாணத்துக்குக்கூட உள்ளே போக முடியாது. பிரின்லி போனில் கத்தினாள்: "பத்து நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதாம்மா?" பொய்க்குத் துணை போகமாட்டேன் என்றேன்.

மாத்திரையை நீட்டினேன். "இதுவும் தண்டனைல சேர்த்தியா?" என்று விழுங்கினார்.

ஏப்ரல் 20
பிரின்லியின் கல்யாணம். என் பக்கத்து நாற்காலி காலி. வெளியே வந்தபோது தோட்டத்து பெஞ்சில் கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி சொன்னார்: "சகோதரரே, போட்டோவுக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கோங்களேன்." போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 24
தலைசுற்றி விழுந்தார். பெரிய மருத்துவமனை. வீட்டிலுள்ள டப்பா எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள் மருந்துகளைச் சரிபார்க்கும் பெண். மஞ்சள் டப்பாவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "தினம் எத்தனை?"

ஆறு என்றேன்.

"இது சமையல் மஞ்சள் இல்லை. சத்தை மட்டும் இறக்கி அடைச்சது. கூட இருக்கிற மிளகு அதை உடம்புக்குள்ள இழுத்து விட்டுடும். நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. சிலருக்குக் கல்லீரலையே தின்னுடும். யார் கொடுத்தது?"

லாமார் கண்ணைத் திறக்காமலே, "நானேதான் வாங்கினேன்" என்றார்.

மே 19
மாத்திரையை நிறுத்தியதும் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் இறங்கிவிட்டன. பிஷப் வீட்டுக்கே வந்து சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பும் கேட்டார். நான் இன்னும் கேட்கவில்லை.

கோழி சூப் வைத்தேன். ஸ்பூனை எடுத்தவர் கீழே வைத்தார். "நீ முதல்ல குடி" என்றார்.

குடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கடையில் வாங்கிய டின் ஒன்றைத் திறந்து, நின்றபடியே சாப்பிட்டார்.