சாக்கில் பழுத்த சப்பட்டை

மே 2006, வெள்ளிக்கிழமை

பக்கத்து மிஷினில் தைக்கும் செல்வி இன்று கம்பெனியிலேயே அழுதுவிட்டாள். நத்தத்திலிருந்து அவள் அம்மா வீட்டு மரத்துச் சப்பட்டை மாங்காய்களைத் திங்கட்கிழமை கொண்டுவந்திருந்தாள். பழுக்க வைக்க வைக்கோலுக்கு இங்கே எங்கே போவது? நான்தான் துணி வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் சாக்கில், பனியன் துணிக்குள் புதைத்து வைக்கச் சொன்னேன். இன்று காலை வேஸ்ட்காரர் அந்தச் சாக்கையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டார்.

வாரம் முழுக்க எங்களுக்குள் இதே சண்டைதான். செந்தூரத்துக்கு மேல் ஒரு பழம் இல்லை என்பேன் நான். "எங்க ஊருச் சப்பட்டையத் தின்னுட்டுப் பேசுங்கக்கா" என்பாள் அவள்.

சாயங்காலம் வேஸ்ட்காரர் ஒரு பையோடு திரும்பி வந்தார்.

"ஏனுங்க, உங்க வேஸ்ட்டுக்குள்ள மாம்பழம் இருந்துச்சுங்க. வாசம் தாங்காம ஒண்ணத் தின்னுபோட்டனுங்க, கோவிச்சுக்காதீங்க. கொட்டைய மட்டும் நான் வெச்சுக்கறனுங்க. ஊட்டுக்குப் பின்னால நட்டு வெக்கோணும்."

அழுத முகத்தோடு செல்வி சிரித்தாள். எனக்கும் ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவால்ல கண்ணு, செந்தூரத்துக்குப் பக்கத்துல வருது" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மனம் வரவில்லை. எழுதும் இந்தப் பக்கத்திலும் சப்பட்டை வாசம்தான்.