ரைட் திரும்பாத வண்டி

22.1.2024, திங்கள்

நாலு ரோடு சிக்னலில் இன்றும் ரைட் திரும்பவில்லை. சங்கராபுரம் ரோட்டிலிருந்து வந்தால், நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை வலது பக்கம் கூப்பிடு தூரம்தான். நான் போனதோ நேராக. அப்புறம் லெஃப்ட், லெஃப்ட், இன்னொரு லெஃப்ட். அதே சிக்னலுக்கு வேறு ரோடு வழியாக வந்து கடைக்குப் போனேன். சாமியைக்கூட வலமாகத்தான் சுற்றுகிறோம். கள்ளக்குறிச்சியை நான் தினமும் இடமாகச் சுற்றுகிறேன்.

24.1.2024

விஷயம் இவர் காதுக்குப் போய்விட்டது. "இதுல இன்னா கஷ்டம்? நான் தெனமும் திரும்பல? தை முடியறதுக்குள்ள நீ ரைட் திரும்பல, வண்டிய தம்பிக்கு குட்த்துடுவேன்."

இவர் தம்பி பொன்னுரங்கம் சாயங்காலமே வந்து சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். என் ஸ்கூட்டர்! இந்த வீட்டில் என் பெயரில் இருப்பது அதுவும் ரேஷன் கார்டும்தான். கொடுப்பேனா?

25.1.2024

இன்று திரும்பிவிட்டேன் — இல்லை, திரும்பப் பார்த்தேன்.

பச்சை விழுந்தது. பச்சை என்றால் போகலாம்தானே? எதிரில் வருகிறவனுக்கும் அதே நேரம் பச்சை என்று எனக்கு யார் சொன்னது? எப்போதும்போல இடது ஓரமாக நின்றவள், அங்கிருந்தே குறுக்கே வளைத்தேன். எதிரே மலைபோலக் கரும்பு ஏற்றிய டிராக்டர். டிரைவர் கத்தினார்: "எம்மா! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

நேராகவே போய்விட்டேன். லெஃப்ட், லெஃப்ட், லெஃப்ட்.

29.1.2024

ஒரு யோசனை செய்தேன். கரும்பு டிராக்டரின் மறைவில் ஒட்டிக்கொண்டே திரும்பினால் எவன் இடிப்பான்? ஒட்டிக்கொண்டேன். டிராக்டர் ரைட் திரும்பவில்லை. நேராகப் போனது. முன்னாலும் கரும்பு, பின்னாலும் கரும்பு, நடுவில் நான். நான் தினமும் திரும்பும் லெஃப்ட்டும் கரும்பு மறைவில் தெரியாமல் போய்விட்டது. விலகித் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அதற்கும் ரைட் திரும்ப வேண்டுமே!

சர்க்கரை ஆலை எடைமேடை வரைக்கும் போய்விட்டேன். எடை போடுகிறவர் எட்டிப் பார்த்து, "இது எந்த ஊரு கரும்பு?" என்றார்.

30.1.2024

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்து, "எத்தினி டன்னு?" என்கிறார்கள். ரொம்ப அவசியம்.

5.2.2024

சிக்னலில் போலீஸ்காரம்மா பிடித்துக்கொண்டார். "ரைட்ல போவணும்னா இன்னாத்துக்குமா லெஃப்ட் ஓரத்துல நிக்கிற? நடுவுல வந்து நில்லு. ரைட் அம்பு பச்சையா வரும். அப்ப எதிர்ல செவப்பு. தைரியமா போ."

அம்பா? எங்கே? மேலே பார்த்தேன். இருக்கிறது! எதிரில் வருகிற வண்டிகளையே பார்த்துப் பயந்தவள் தலையைத் தூக்கினால்தானே?

ஓரமா போ, ஓரமா போ. சைக்கிள் கற்றுக்கொண்டபோது அப்பா சொன்னார். கல்யாணமானதும் மாமியார் சொன்னார். இவர் இன்றைக்கும் சொல்கிறார். நானும் ஓரமாகவே வந்திருக்கிறேன். நடுவில் வந்து நில்லு என்று ஒரு ஆள் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன். ஹெல்மெட்டுக்குள் கொஞ்சம் அழுதேன்.

6.2.2024

நடுவில் நின்றேன். வட்டப் பச்சை வந்தது. போகவில்லை. பின்னால் ஒரே ஹாரன். அடிங்கடா, நல்லா அடிங்க! அம்பு வந்தது.

திரும்பிவிட்டேன்.

கடை இன்னும் திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

11.2.2024, ஞாயிறு

நான் சொன்னதை இவர் நம்பவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார். சிக்னல் நெருங்கும்போது முதுகில் தட்டினார். "இன்னாத்துக்கு நடுவுல போற? அந்த பெட்ரோல் பங்க்குல பூந்து அந்தாண்ட ரோட்டுக்குப் போயிடு. நான் எப்பவும் அப்டித்தான் போவேன்."

"எப்பவுமேவா?"

என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நடுவில் நிறுத்தினேன். அம்பு வரும்வரை என் தோளைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை. திரும்பி முடித்ததும் காதருகே குனிந்து, "தம்பிகிட்ட சொல்லாத, கமலா" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.